நீர் வற்றும் நேரம் 5:12

செவ்வாய்க்கிழமை, அலுவலக நாள்காட்டியில்
ஒன்பதிலிருந்து பத்தரை வரை
'பல் மருத்துவர்' என்று போட்டுவைத்திருக்கிறேன்.
பல்லுக்கு ஒன்றுமில்லை.
அன்று விடியுமுன் கடல்
0.2 மீட்டருக்கு இறங்குகிறது.

தெம்பனிசிலிருந்து சாங்கிக்கு
சைக்கிளில் முப்பத்தைந்து நிமிடம்.
சிவப்பு விளக்குகள் யாருமில்லாத சாலைக்கும்
கடமையாக எரிகின்றன.
நானும் நிற்கிறேன், சிரிப்பு வருகிறது.

"மூணு மணிக்கு எழுந்து சேத்தைப் பார்க்கப் போறே,
அதுக்கு யாராவது சம்பளம் தர்றாங்களா?" அம்மா.
"பையன் யாராவதா?" அக்கா சுபாங்கி.
ஆமாம் என்றேன். ஐந்து கை உள்ளவன்.

பழைய பள்ளிக்கூட சப்பாத்து, நெற்றியில் விளக்கு.
நேற்று மாலை பிள்ளைகள் குளித்த இடத்தில்
இப்போது நடக்கலாம்.
கணுக்கால் வரை கடற்புல்;
ஒவ்வோர் அடிக்கும் எதுவோ விலகி வழிவிடுகிறது.

முதல் மூன்று முறையும் எதுவும் தென்படவில்லை.
கொசு தென்பட்டது.
நான்காம் முறை ஹஸீக் என் தோளைத் தொட்டு
"நீ நின்னுக்கிட்டிருக்கிறது பக்கத்துல பாரு" என்றான்.
கல் என்று நினைத்தது
மெல்ல ஒரு கையைத் தூக்கியது.

அவன் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வருகிறவன்.
ஷுவென் வாடகைக் கார் ஓட்டுகிறாள்.
முழுப்பெயர் கேட்டதில்லை, சம்பளம் கேட்டதில்லை,
எந்தப் பள்ளி என்று கேட்டதில்லை.
இந்த ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று
வீடு வந்துதான் உறைத்தது.

தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கின்றன.
பகலில் அவை எனக்கு எண்கள்:
தாமதமான கொள்கலன், நனைந்த அரிசி,
யார் பொறுப்பு, எத்தனை வெள்ளி.
இந்த நேரத்தில் அவை விளக்குகள் மட்டும்.
ஒன்றுக்கும் நான் பதில் எழுத வேண்டியதில்லை.

தலைக்கு மேல் விமானம் சக்கரத்தை விரிக்கிறது.
காலடியில் கடல்முயல் ஒன்று, கட்டைவிரல் அளவு,
என் நிழலுக்குப் பயந்து ஊதா மை கக்குகிறது.
இரண்டுக்கும் நடுவில் நான்,
வாயைப் பிளந்தபடி.

"சேனல் ஆரம்பி" என்றான் பக்கத்து மேசை நவ்தேஜ்.
"நல்லா வளர்ந்தா வேலையையே விட்டுடலாம்."
அதுதான் பயம்.
வேலையை விட்டால் இது வேலையாகிவிடும்.

இருபத்தாறு வயதில்
நான் செய்கிற எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.
படிகள் எண்ணுகிறது கைக்கடிகாரம்,
தூக்கத்தையும் அளக்கிறது.
தமிழைக்கூடத் தேர்வுக்காகத்தான் படித்தேன்.
இங்கு மட்டும் நான் மோசம்.
கடற்சாமந்தியை இரண்டு வருடமாகத்
தப்பான பெயரில் அழைத்திருக்கிறேன்.
அது சுருங்கவுமில்லை, திருத்தவுமில்லை.

போன மாதம் மேலாளர் கேட்டார்:
"ஐந்தாண்டில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"
முழங்கால் வரை நனைந்து, என்று
நாக்கு நுனி வரை வந்தது.
"அணித் தலைமையில்" என்றேன்.
குறித்துக்கொண்டார்.

இந்தக் கரைகூட மண் கொட்டி நிரப்பியதுதான்.
வாருங்கள் என்று யாரும் நண்டுகளை அழைக்கவில்லை.
இடம் இருந்தது, வந்துவிட்டன.

ஆறே கால். நீர் திரும்புகிறது,
சத்தமில்லாமல், குதிகாலிலிருந்து.
ஹஸீக் தூங்கப் போகிறான்.
ஷுவெனுக்கு விமான நிலையத்தில் பயணி.
நான் கடற்கரைக் கழிவறையில்
சட்டையை மாற்றிக்கொண்டு
பேருந்து நிறுத்தத்தில் இரண்டு வெள்ளிக் கோப்பி குடிக்கிறேன்.

பத்தரைக்கு உள்ளே நுழைந்ததும்
மேலாளர் அக்கறையாக,
"பல் எப்படி?"
"ஒன்று புதிதாக முளைக்கிறது" என்றேன்.
அவர் குழம்புவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

மேசைக்கடியில் காலுறையில் மணல்.
கூட்டம் முடிகிறவரை
விரல்களால் அதை
ஒரு பக்கமாகத் தள்ளித் தள்ளி.